ஐந்து மேசை தாண்டி வந்த பாடம்

“அக்கா, இதை ஒருக்காத் தமிழில சொல்லித் தாங்கோவன்.”

சொந்தக்காரப் பெட்டை ஒருத்தி போனை நீட்டினாள். கலைப்பீடம், இரண்டாம் வருடம். எந்தக் கம்பஸ் எண்டு எழுதப் போவதில்லை, அவள் இன்னும் இரண்டு வருடம் அங்கே இருக்கவேணும். போனில் இருந்தது அவளுடைய பட்ச்சுக்கு எண்டு திருத்தி வந்த பாடத்திட்டம். முழுக்க ஆங்கிலம். அவளுக்கு விரிவுரை தமிழில், சோதனை தமிழில். தான் என்ன படிக்கப்போகிறாள் எண்ட தாள் மட்டும் ஆங்கிலத்தில். வெள்ளிக்கிழமைக்கு முதல் இரண்டு விருப்பப் பாடங்களைத் தெரிவுசெய்து குடுக்கவேணும். எது என்ன எண்டு விளங்கேல்லை.

இருந்து வாசித்துச் சொன்னேன். ஒரு மணித்தியாலம் போனது. அவளுக்கு விளங்காமல் போனதில் பிழையில்லை. பாதியிடங்களில் எனக்கே விளங்கேல்லை. ‘இப்பாட முடிவில் மாணவர் விமர்சன ரீதியாக மதிப்பிடும் ஆற்றலை வெளிப்படுத்துவார்’ எண்ட மாதிரி வசனங்கள். எதை மதிப்பிடுவார், எதை வாசித்துவிட்டு மதிப்பிடுவார் எண்டு தேடினால், கடைசியில் ஆறேழு ஆங்கிலப் புத்தகங்களின் பெயர் இருந்தது.

போகும்போது கேட்டாள்: “இதை ஆர் அக்கா ஓமெண்டு சொல்லி விடுறது?”

நல்ல கேள்வி. இந்தக் கட்டுரை அவளுக்கான பதில்தான், கொஞ்சம் நீண்டுவிட்டது.

எங்கட நாட்டில் அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ்தான் ஓடுகின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தனிப் பல்கலைக்கழகமாக 1979 ஜனவரியில் நிமிர்ந்ததும் அந்தச் சட்டத்தால்தான். ஒரு புதுப் பட்டநெறி வரவேணுமெண்டால் முதலில் துறையில் எழுதுவார்கள். பிறகு பீடச் சபை. பிறகு மூதவை. பிறகு பேரவை. அதற்கும் மேலே கொழும்பில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, அதன் தர உறுதிப்பாட்டுப் பிரிவு, துறைசார் நிலையியற் குழு. இடையிடையே பாடத்திட்டக் குழு, உள்ளகத் தர உறுதிப்பாட்டு அலகு எண்டு ஒவ்வொரு கம்பசிலும் ஒவ்வொரு பெயரில் சில குழுக்கள். ஏற்கனவே இருக்கிற பட்டத்துக்குள் பாடங்களைத் திருத்துவதெண்டால் பெரும்பாலும் கம்பசுக்குள்ளேயே, மூதவையோடும் பேரவையோடும் அலுவல் முடியும். புதிசெண்டால் கொழும்புக்குப் போகாமல் சரிவராது. சின்னக் குழுக்களை விட்டுவிட்டுப் பெரிய மேசைகளை மட்டும் எண்ணினாலும் ஐந்து.

ஐந்து மேசையிலும் என்ன பார்க்கிறார்கள்?

2012இல் இலங்கைத் தகைமைகள் சட்டகம் எண்டு ஒன்று வந்தது, 2015இல் திருத்தினார்கள். மொத்தம் 12 மட்டம். மூன்று வருடப் பட்டம் ஐந்தாம் மட்டம், 90 கிரெடிட். நாலு வருடச் சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம், 120 கிரெடிட். ஒரு கிரெடிட் எண்டால் 50 மணித்தியாலக் கற்றல். வகுப்பில் இருக்கிற நேரம் மட்டுமில்லை, தானாக வாசிக்கிறது, ஒப்படை எழுதுகிறது, சோதனைக்குப் படிக்கிறது எல்லாம் சேர்த்து. நான் இதைக் குறை சொல்லமாட்டேன். பேராதனையில் எடுத்த பட்டமும் யாழ்ப்பாணத்தில் எடுத்த பட்டமும் ஒரே எடை எண்டு காட்ட ஒரு தராசு வேணும்தான். வெளிநாட்டுக்கு மேற்படிப்புக்குப் போகிற பொடியளுக்கு அது கைகொடுக்கும்.

ஆனால் தராசு என்ன நிறுக்கிறது எண்டு பாருங்கோ. மூன்று கிரெடிட் பாடம் ஒன்று எண்டால் 150 மணித்தியாலம். வழமையாக அதில் 45 மணித்தியாலம் விரிவுரை. மிச்சம் 105 மணித்தியாலம் மாணவர் தானாகக் கற்கவேணும். படிவத்தில் இந்த 105 சரியாகக் கூட்டுப்பட்டிருக்குதா எண்டு பார்ப்பார்கள். கூட்டுத்தொகை பிழைத்தால் திருப்பி அனுப்புவார்கள். கற்றல் பேறுகள் சரியான வினைச்சொல்லில் தொடங்குதா எண்டு பார்ப்பார்கள். அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூமும் கூட்டாளிகளும் 1956இல் போட்ட ஏணி ஒன்று இருக்கிறது. அடியில் நினைவுகூர்தல், மேலே போகப்போகப் பகுப்பாய்தல், மதிப்பிடல். ‘விளங்கிக்கொள்வார்’ எண்டு எழுதினால் அளக்க முடியாதாம், வெட்டிவிடுவார்கள். ‘விவரிப்பார்’ எண்டு மாற்றினால் சரி. 

அந்த 105 மணித்தியாலமும் அவள் எதை வாசிக்கப்போகிறாள் எண்ட கேள்விக்கு மட்டும் எந்தப் பெட்டியும் இல்லை. வாசிப்புப் பட்டியலுக்குப் பெட்டி இருக்கிறது, அதில் புத்தகப் பெயர்கள் இருந்தால் போதும். அந்தப் புத்தகம் நூலகத்தில் இருக்குதா, எத்தனை பிரதி, படிக்கிற மொழியில் இருக்குதா, இல்லையெண்டால் ஆர் எப்ப தமிழில் குறிப்பு ஆக்கப்போகினம்? தமிழில் படிப்பிக்கிற பாடத்துக்கு இதுதானே முதற்கேள்வியாக இருக்கவேணும். கேட்காதபடியால் நடக்கிறது என்னவெண்டு எல்லாருக்கும் தெரியும். 105 மணித்தியாலத்துக்குப் பதிலாக சீனியர் விட்டுப்போன நோட்ஸ், போட்டோக்கொப்பிக் கடை, சோதனைக்கு முதல் ஒரு கிழமை. தாளில் ஆறாம் மட்டம், கையில் சீனியரின் கொப்பி. பிறகு பட்டதாரிகளுக்கு வாசிப்பில்லை எண்டு பத்திரிகையில் எழுதுகிறோம்.

நான் ஆங்கிலத்துக்கு எதிரி இல்லை. ஆங்கிலம் தெரியாமல் சமூகவியலோ புவியியலோ ஆழமாகப் படிக்க ஏலாது எண்டு சொல்கிறவர்களோடு பாதிக்குமேல் உடன்படுகிறேன். அப்படியெண்டால் அதையும் படிவத்தில் எழுதுங்கோ: இந்தப் பாடத்துக்கு வாசிப்பு ஆங்கிலத்தில், அதற்கு முன்னேற்பாடாக இத்தனை மணித்தியாலம் ஆங்கில வாசிப்புப் பயிற்சி, அதை ஆர் தருவார். தமிழ்மூலம் எண்டு பதிந்துவிட்டு, ஆங்கிலப் பட்டியலைப் போட்டுவிட்டு, இடையில் இருக்கிற கிடங்கைப் பிள்ளையே தாண்டட்டும் எண்டு விடுவதைத்தான் ஏற்கமாட்டேன்.

இந்த ஊரில் இதைச் சரியான ஒழுங்கில் செய்து காட்டிய ஒரு மனிதர் இருந்தார். மானிப்பாயில் 1848இல் மருத்துவ நிலையம் தொடங்கிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் படிப்பித்தார். 1860களில் தமிழுக்கு மாறினார். பாடம் தமிழில் எண்டு அறிவித்துவிட்டு அவர் கைகட்டி இருக்கேல்லை. கலைச்சொல் ஆக்கினார், மாணவரையும் சேர்த்துக்கொண்டு மொழிபெயர்த்தார், அச்சடித்தார். ‘இரணவைத்தியம்’ 1867இல் வந்தது. மாணவரின் கைக்குப் புத்தகத்தைச் சேர்க்கிறதும் பாடத்தை மாற்றுகிற வேலைக்குள்தான் எண்டு அவருக்கு விளங்கியிருந்தது. அவருக்கு மூதவையும் இல்லை, வினைச்சொல் பட்டியலும் இல்லை. (அவருக்குப் பிறகு அந்த முயற்சி நிலைக்கேல்லை எண்டதும் உண்மை. அரசாங்க உத்தியோகம் ஆங்கிலத்தில்தானே கிடந்தது.)

அதே காலத்தில் வட்டுக்கோட்டையில் நேரெதிரான ஒன்று நடந்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி, தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் படிப்பித்த இடம். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள்தான். ஆனால் அவர்கள் பட்டம் எடுக்கிற நேரத்தில் செமினரி இல்லை. 1855இல் பொஸ்டனில் இருந்து மிஷன் செயலாளர் ரூபஸ் அன்டர்சன் குழுவோடு வந்து பார்த்தார். ஆங்கிலமும் உலகியற் படிப்பும் கூடிவிட்டது, மதம் பரப்புகிற நோக்கத்துக்கு இது உதவாது எண்டு தீர்மானம். செமினரி மூடப்பட்டது. இன்றைய பாஷையில் சொன்னால் வெளியக மீளாய்வு. படித்துக்கொண்டிருந்த பொடியளிடம் ஆரும் கேட்டதாகத் தெரியேல்லை.

பிறகும் எங்கட பாடத்திட்டம் எப்போதும் கப்பலேறித்தான் வந்தது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் வரும்வரை இங்கே பட்டம் எண்டால் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டம். பாடம் லண்டனில், வினாத்தாள் லண்டனில். 1974இல் திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி வளவில் யாழ்ப்பாண வளாகம் திறந்தபோது அது ஒரே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம் மட்டுமே. முதல் வளாகத் தலைவராகக் கைலாசபதி வந்தார், ஆனாலும் கடைசி ஒப்பம் கொழும்பில். 1979க்குப் பிறகுதான் மூதவை எண்ட ஒன்று இந்த மண்ணில் இருந்தது. அந்த உரிமைக்கு எண்டு ஒரு சரித்திரம் இருக்கிறபடியால்தான், அந்த மேசையில் இருப்பவர்கள் கூட்டுத்தொகை பார்ப்பதோடு எழும்பிவிடுவது எனக்குக் கவலையாக இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு நண்பன் குறுக்கிடுவான். “உந்த மேசையள் எல்லாத்தையும் தூக்குங்கோ. விரிவுரையாளர் நினைச்சதைப் படிப்பிக்கட்டும்.” அவனுக்கு ஆத்திரம். ஒரு புதுப்பாடம் எழுதி, அது வகுப்புக்கு வருவதற்குள் எழுதினவரே வெளிநாடு போன கதைகள் 2022க்குப் பிறகு எத்தனையோ. அவன் சொல்வதில் ஞாயம் இருக்கிறது. ஆனால் நான் மேசைகளைத் தூக்கச் சொல்லமாட்டேன். ஏனெண்டு சொல்ல இந்தியாவில் இருந்து இரண்டு கதை.

முதலாவது, திருநெல்வேலி. எங்கட திருநெல்வேலி இல்லை, தமிழ்நாட்டுத் திருநெல்வேலி. அங்கே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. ஆங்கிலப் பாடத்திட்டத்தில் மாவோயிஸ்டுகளோடு காட்டில் நடந்த அனுபவம் பற்றி அருந்ததி ராய் எழுதிய நூல் 2017இல் இருந்து இருந்தது. மூன்று வருடம் படிப்பித்தார்கள், ஒரு பிரச்சினையும் இல்லை. 2020 நவம்பரில் ஏ.பி.வி.பி. மாணவர் அமைப்பு முறைப்பாடு செய்தது. நூல் எடுக்கப்பட்டது. வைக்கும்போது பாடத்திட்டக் குழு கூடி வைத்தது. எடுப்பதற்கு ஒரு முறைப்பாடு போதுமாக இருந்தது.

இரண்டாவது, டெல்லிப் பல்கலைக்கழகம், 2021 ஆகஸ்ட். ஆங்கில ஒனர்ஸ் பட்டத்தில் பெண்கள் எழுத்து எண்டு ஒரு பாடம். அதில் இருந்து மகாஸ்வேதா தேவியின் ‘திரௌபதி’ கதை எடுக்கப்பட்டது. கூடவே எங்கட மொழியில் எழுதுகிற இரண்டு தலித் பெண்கள், பாமாவும் சுகிர்தராணியும் எடுக்கப்பட்டார்கள். எடுக்கச் சொன்னது மேற்பார்வைக் குழு எண்ட ஒன்று. கல்விப் பேரவையில் 15 பேர் எழுத்தில் மறுப்புத் தெரிவித்தார்கள். அப்படியிருந்தும் நிறைவேறியது.

இந்த இரண்டையும் நான் திரும்பத் திரும்ப யோசிப்பதுண்டு. யாழ்ப்பாணத்தில் ஒரு பாடத்துக்குள் சாதி பற்றியோ, இயக்கங்களின் சரித்திரம் பற்றியோ, கோயில் நிர்வாகம் பற்றியோ, பெண்ணுடல் பற்றியோ ஒரு நூலை வைத்தால், போன் எடுக்க எத்தனை பேர் இருக்கினம்? அரசாங்கப் பக்கம் இருந்தும் வரும், தேசியத்தின் பெயரால் எங்கட பக்கம் இருந்தும் வரும், மதத்தின் பெயரால் இன்னொரு பக்கம் இருந்தும் வரும். அப்போது அந்த விரிவுரையாளர் தனி ஆளாக நின்றால் முடிந்தது கதை. ‘இது பீடச் சபையில் விவாதித்து, மூதவை ஏற்றது. மாற்றவேணுமெண்டால் அதே வழியால் வாங்கோ’ எண்டு சொல்ல ஒரு வழிமுறை வேணும். மெதுவாக நடக்கிற கூட்டத்துக்கு அந்த ஒரு பெறுமதி இருக்கிறது. ஆனால் டெல்லியில் நடந்தது போல, மேசையில் இருக்கிறவர்களில் பெரும்பான்மைக்கு அந்தப் பாடத்தில் அக்கறை இல்லாவிட்டால் வழிமுறையும் காக்காது. கூட்டுத்தொகை மட்டும் பார்த்து ஓமெண்டு சொன்னவர்கள், நாளைக்கு ஒரு போன் வந்தால் அதே சுகத்தோடு இல்லையெண்டும் சொல்வார்கள். என்ன வாசித்தோம், ஏன் வைத்தோம் எண்டு விவாதித்த சபைதான் பிறகு அந்தப் பாடத்துக்காக நிற்கும்.

இனி, அந்தப் பெட்டை கேட்ட கேள்விக்கு வாறன். ஆர் ஓமெண்டு சொல்லுறது?

அதே 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் 48ஆம் பிரிவு பீடச் சபை பற்றியது. பீடாதிபதி, பேராசிரியர்கள், விரிவுரையாளர்கள் எண்டு போகிற பட்டியலில் இன்னும் இரண்டு வரி இருக்கிறது. ஒன்று, அந்தப் பீட மாணவர்கள் தங்களுக்குள் தெரிவுசெய்கிற இரண்டு மாணவர்கள். மற்றது, பல்கலைக்கழக ஊழியர் அல்லாத, அந்தத் துறைகளில் பெயர்பெற்ற மூன்று வெளியார். மூதவையில் மாணவருக்கு இடமில்லை. பேரவையிலும் இல்லை. கொழும்பு பற்றிக் கேட்கவே வேண்டாம். ஐந்து மேசையில் ஒரே ஒரு மேசையில் எங்களுக்கு இரண்டு கதிரை போட்டு, நாற்பது வருடத்துக்கு மேலாகிறது.

கதிரையில் இருக்கிறவர்கள் அங்கே என்ன கதைக்கினம்? எனக்குத் தெரிந்த சில பேரிடம் விசாரித்தேன். வரவு வீதம், சோதனையைப் பிற்போடுவது, விடுதி, கன்ரீன், பகிடிவதை விசாரணை. எல்லாம் கதைக்கவேண்டியவைதான். பாடத்திட்டம் நிகழ்ச்சிநிரலில் வந்தபோது கதைத்தீங்களா எண்டு கேட்டால் சிரித்தார்கள். கூட்டத்துக்கு முதல் நாள் மின்னஞ்சலில் வருகிற நூறு பக்க ஆங்கில ஆவணத்தை இரண்டாம் வருடப் பொடியன் எங்கே வாசிப்பான், பேராசிரியர்மாருக்கு முன்னால் எப்படி வாய் திறப்பான்? “சேர்மார் எழுதினதை நாங்கள் என்னெண்டு பிழை சொல்லுறது?” இதில் பயமும் இருக்கிறது. அதே சேர்தானே நாளைக்கு விடைத்தாள் திருத்தப்போகிறார்.

மாணவரிடம் கேட்கிற ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது எண்டு சொல்வார்கள். மானியங்கள் ஆணைக்குழு நடத்துகிற பட்டநெறி மீளாய்வு. 2015இல் அதற்கு எண்டு கைநூல் வந்தது, எட்டு அளவுகோல், ஏ இல் இருந்து டி வரை தரம். பீடம் தன்னைப் பற்றித் தானே ஒரு அறிக்கை எழுதும், பிறகு வேறு பல்கலைக்கழகங்களில் இருந்து மீளாய்வாளர்கள் வந்து சில நாள் நின்று பார்ப்பார்கள், மாணவரையும் சந்திப்பார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் வருபவர்கள் போய்விடுவார்கள், பாடமும் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும். கலியாணம் முடிந்த பிறகு பொருத்தம் பார்ப்பது போல. தவிர, பிள்ளைகள் தங்கட பட்டத்தின் தரம் குறையும் எண்டு பயந்து எல்லாம் திறம் எண்டுதான் சொல்லுவினம். நானெண்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

விரிவுரையாளர்கள் பக்கமும் கொஞ்சம் நின்று கதைக்கவேணும். பாடத்திட்டம் திருத்துவது அவர்களுக்கு மேலதிக வேலை. படிப்பித்து, விடைத்தாள் திருத்தி, தங்கட ஆய்வையும் பார்த்து, ஆளணி வெற்றிடங்களையும் தாங்கிக்கொண்டு இரவில் இருந்து படிவம் நிரப்புகினம். உலக வங்கிக் கடனில் 2010இல் ஒரு திட்டம், 2017இல் இன்னொரு திட்டம் எண்டு உயர்கல்விக்குக் காசு வந்தபோதெல்லாம் பட்டதாரியை வேலைக்குத் தயாராக்கு எண்ட அழுத்தமும் கூடவே வந்தது. ஒவ்வொரு அலைக்கும் ஒரு புதுப் படிவம். தமிழில் வாசிப்புத் தொகுப்பு ஆக்கினால் பதவியுயர்வுக்கு ஆங்கில ஆய்வுக் கட்டுரை அளவுக்கு மதிப்பில்லை எண்டு எனக்குத் தெரிந்த இளம் விரிவுரையாளர்கள் குறைப்படுகினம். கிறீன் மானிப்பாயில் செய்த வேலையை இன்றைக்கு ஒருவர் செய்தால் அவருடைய பைலில் அது எங்கே ஏறும்? அவர்களில் ஒரு சிலர் இதையெல்லாம் பார்க்காமல் தங்கட காசில் போட்டோக்கொப்பி அடித்து, தாங்களே மொழிபெயர்த்த பக்கங்களைக் குடுக்கினம். அந்தப் பக்கங்கள் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

ஆகவே நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. சட்டம் மாற்றத் தேவையில்லை, கொழும்பைக் கேட்கவும் தேவையில்லை. பீடச் சபைக்குப் போக ஒரு மாதத்துக்கு முதல், தமிழ்மூலப் பாடமெண்டால் அதன் வரைவு இரண்டு பக்கத்தில் தமிழில் மாணவர் கைக்கு வரட்டும். அதே பாடத்தைப் போன வருடம் படித்து முடித்த பட்ச்சைக் கூப்பிட்டு, விரிவுரையாளர் இல்லாத அறையில், வேறு துறை ஆள் ஒருவரை வைத்துக் கேளுங்கோ: எந்தக் கிழமையில் விளங்காமல் போனது, எதை உண்மையில் வாசித்தீர்கள். அவர்கள் சொல்வதை வரைவோடு சேர்த்துச் சபைக்கு அனுப்புங்கோ. வாசிப்புப் பட்டியலில் ஒவ்வொரு நூலுக்கும் பக்கத்தில் நூலகப் பிரதி எத்தனை, மொழி என்ன எண்டு எழுதட்டும். தமிழில் ஒன்றுமே இல்லாத தமிழ்மூலப் பாடத்தைப் பீடச் சபை திருப்பி அனுப்பட்டும், கூட்டுத்தொகை பிழைத்தால் அனுப்புகிற அதே கண்டிப்போடு. மூன்று வெளியாரில் ஒருவராவது நூலகரோ பாடசாலை ஆசிரியரோ கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்த ஆளோ ஆக இருக்கட்டும். பெயர்பெற்றவர் எண்டால் ஓய்வுபெற்ற பேராசிரியர் மட்டும்தான் எண்டு சட்டத்தில் இல்லை.

மாணவர் ஒன்றியத்துக்கும் ஒரு சொல். மண்டபத்துக்கும் விழாவுக்கும் காட்டுகிற மும்முரத்தில் பத்தில் ஒரு பங்கை இந்த இரண்டு கதிரைக்குக் காட்டலாம். ஆரை அனுப்புகிறோம், போனவர் வந்து என்ன சொன்னார் எண்டு ஒரு வட்ஸ்அப் செய்தியாவது போடலாம்.

பெட்டை வெள்ளிக்கிழமை படிவம் குடுத்துவிட்டாள். இரண்டு பாடத்தில் ஒன்றை அந்த விரிவுரையாளர் தமிழில் குறிப்புத் தருவாராம் எண்டதற்காகவே தெரிவுசெய்தாள். உங்கட பீடச் சபை மாணவப் பிரதிநிதி ஆர் எண்டு கேட்டு வை எண்டு சொல்லி அனுப்பியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை இரவு பதில் வந்தது:

“அக்கா, கேட்டனான். போன வருசத்தில இருந்து ஆளில்லையாம். அப்பிடி ஒண்டு இருக்கெண்டே கனபேருக்குத் தெரியாது. நான் கேக்கலாமோ?”